பல்செட்டுக்கு எத்தனை தடவை பஸ் ஏறுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் பல் இம்ப்ளாண்ட் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தாடை எலும்பில் டைட்டானியம் திருகை இறக்கி அதன்மேல் பல் பொருத்தும் விதத்தைப் படத்தோடு போட்டிருந்தீர்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு எதிர்வீட்டு அம்மா (வயது 74, மேலும் கீழும் பல்செட்) பேப்பரும் கையுமாக வந்து, "அப்போ நான் போட்டிருக்கறது பழைய சாமானா?" என்று கேட்டார். அவருக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நீளம் என்று பட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். செய்யூர் பாட்டியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் டென்டல் மெக்கானிக். 1948-ஆம் ஆண்டு பல் மருத்துவர்கள் சட்டத்தில் எங்களுக்குள்ள பெயரே அதுதான். இப்போது டெக்னீஷியன் என்கிறார்கள்; சம்பளம் என்னவோ அதேதான். டாக்டர் வாயில் அளவெடுத்துக் கொடுப்பார். அதில் அச்சு ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, பிளாஸ்க் என்ற உலோகப் பெட்டியில் அடைத்து வேகவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கித் தருவது நாங்கள். சென்னையை ஒட்டிய ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரி லேபில் 31 வருடம் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊரான விருத்தாசலத்துக்கே வந்துவிட்டேன்.

அந்தக் கல்லூரியில் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு படிக்கும் பிள்ளைகள் தீசிஸுக்காக ஆராய்ச்சி செய்வார்கள். செட் போட்டவர் எவ்வளவு நன்றாக மெல்கிறார் என்பதை எதை வைத்து அளப்பார்கள் தெரியுமா? வேர்க்கடலை. எடை போட்ட கடலையை வாயில் போட்டு இருபது முறை மெல்லச் சொல்வார்கள். விழுங்கக் கூடாது. ஒரு டம்ளரில் துப்பி, வாய் கொப்பளித்து அதையும் அதிலேயே துப்ப வேண்டும். அப்புறம் அந்தக் கூழை வெவ்வேறு கண் உள்ள சல்லடைகளில் தண்ணீர் விட்டு அலசி, எந்தச் சல்லடையில் எவ்வளவு தங்கியது என்று பார்ப்பார்கள். சொந்தப் பல்லால் மென்றது மாவாக இறங்கிவிடும். செட்டால் மென்றது பாதி, பருப்பு பருப்பாக மேல் சல்லடையிலேயே நிற்கும். கடலை விளையும் ஊர்க்காரன் என்பதால் கடலை வாங்கி வரும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு பெரியவர் துப்பச் சொன்னதை மறந்து விழுங்கிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம் குடு தம்பி" என்றார். அந்த மாணவி அழாத குறை.

இந்தச் சோதனை புதிதல்ல. கபூர், சோமன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கடலையும் கேரட்டும் கொடுத்துப் பார்த்து 1964-லேயே எழுதிவிட்டார்கள்: முழு பல்செட் போட்டவரின் மெல்லும் திறன், சொந்தப் பல் உள்ளவருடையதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே புது செட்டை மாட்டிய மறுநாளே "கறி மெல்ல முடியலை, மெக்கானிக் சொதப்பிட்டான்" என்று திட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சில சமயம் மெக்கானிக் சொதப்புவதும் உண்டு, அது வேறு விஷயம்.

இன்னொன்று எலும்பு. பல் எடுத்த இடத்தில் உள்ள மேடு வருடா வருடம் கரையும். ஆன்ட்யே டால்கிரென் என்ற அம்மையார் பல்செட் போட்டவர்களை 25 ஆண்டுக் காலத்துக்குத் தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்து, கீழ்த்தாடை மேடு மேல்தாடையைப்போல் சுமார் நான்கு மடங்கு தேய்கிறது என்று 1972-ல் வெளியிட்டார். எக்ஸ்ரே இல்லாமலே நாங்கள் இதைப் பார்ப்போம். ஒரே ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து இரண்டாவது செட் செய்ய நேர்ந்தால், பழைய அச்சையும் புது அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும். முதலாவதில் குதிரை லாடம் மாதிரி எழும்பி நின்ற மேடு, இரண்டாவதில் தேய்ந்த அம்மியாகக் கிடக்கும். கீழ் செட் ஆடுகிறது என்று எல்லோரும் புலம்புவது அதனால்தான். பசை எவ்வளவு தடவினாலும் அம்மி அம்மிதான்.

அதனால் இம்ப்ளாண்ட் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முன்பக்கம் இரண்டு இம்ப்ளாண்ட் போட்டு, சட்டையில் டிச் பட்டன் வைப்பதுபோல் செட்டை அதில் மாட்டுவதுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று கனடாவின் மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் 2002-லேயே அறிக்கை விட்டார்கள். அப்படிப்பட்ட செட்டுகளை என் கையாலேயே செய்திருக்கிறேன். ஆடாது, அசையாது. பணம் உள்ளவர், சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர், தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும்.

இனி செய்யூர் பாட்டி. கிராமத்தில் நடந்த பல் முகாமில் பார்த்து, கல்லூரி வேனிலேயே அழைத்து வந்தார்கள். மேலும் கீழும் ஒரு பல் இல்லை. முதல் நாள் பழுப்பு நிறக் கட்டியை வெந்நீரில் இளக்கி வாயில் வைத்து ஓர் அளவு. அந்த அச்சில் நான் அவர் வாய்க்கென்று அளவெடுக்கும் தனி ட்ரே செய்து கொடுக்க, இரண்டாவது தடவை அதன் ஓரங்களைப் குச்சியாக வரும் பச்சை நிற அச்சுப்பொருளை உருக்கிச் சரிபண்ணி, கிராம்பு வாசனை அடிக்கும் பேஸ்டால் மறுபடி அளவு. மூன்றாவது தடவை மெழுகுக் கட்டையைக் கடிக்க வைத்து, முகத்தில் வில் மாதிரி ஒரு கருவியை மாட்டி, மேலும் கீழும் பொருந்தும் இடத்தைக் குறிப்பது. நான்காவது தடவை மெழுகிலேயே பல் அடுக்கிப் போட்டுப் பார்ப்பது. ஐந்தாவது தடவைதான் செட் கைக்கு வரும். அதன் பிறகும் புண் ஆகிற இடத்தைத் தேய்த்துவிட இரண்டு மூன்று தடவை வர வேண்டும். வேன் முதல் நாளோடு சரி. மற்ற நாளெல்லாம் பஸ். அப்போது பெண்களுக்கு இலவசப் பயணமும் இல்லை. துணைக்கு வந்த மகனுக்கு அன்றைய கூலி போச்சு.

மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை லேப் வாசலுக்கே வந்து, "எம் பல்லு எங்க இருக்கு, காட்டு" என்றார். இன்னும் அடுக்கவில்லை என்றேன். வெறும் மெழுகுக் கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். நான்காவது தடவைக்கு அவர் வரவேயில்லை. கொடுத்திருந்த நம்பர் பக்கத்து வீட்டுக்காரருடையது; அது எடுக்கப்படவில்லை. பல் அடுக்கிய மெழுகு செட் என் மேசைக்கு மேல் தட்டில் ஆர்டிகுலேட்டரோடு (தாடை மாதிரி திறந்து மூடும் கருவி) மாதக்கணக்கில் இருந்தது. சித்திரை வெயிலில் மெழுகு இளகி, முன்பல் இரண்டு சாய்ந்துவிட்டன. கடைசியில் ஆர்டிகுலேட்டர் பற்றாக்குறை என்று அச்சை உடைத்தெடுக்கச் சொன்னார்கள். உடைத்தேன். அப்படி யாரும் வாங்க வராத செட்டுகள் எங்கள் லேபில் எப்போதும் நாலைந்து இருக்கும். அது எந்தத் தீசிஸிலும் ஏறவில்லை.

ஆனால் அதே மான்ட்ரியலில், மெக்கில் அறிக்கை வந்த அதே காலத்தில், வேறொரு ஆராய்ச்சியும் நடந்தது. அது இம்ப்ளாண்ட் அளவுக்குப் பேசப்படவில்லை. யாசுஹிகோ கவாய் என்ற ஜப்பானியரும் மெக்கில்லின் ஜோஸ்லின் ஃபைனும் மற்றவர்களும் சேர்ந்து செய்தது, 2005-ல் வெளிவந்தது. பல் இல்லாத 122 பேரைச் சீட்டுக் குலுக்கிப்போடுவதுபோல் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நான் மேலே சொன்ன மாதிரி முழுச் சடங்கோடு செட். இன்னொரு பிரிவுக்கு ரெடிமேட் ட்ரேயில் ஆல்ஜினேட் மாவைக் குழைத்து ஒரே ஒரு அளவு. தனி ட்ரே கிடையாது, முகத்தில் வில் கிடையாது. ஆறு மாதம் கழித்துக் கேட்டால், இரண்டு பிரிவுக்கும் திருப்தியில் வித்தியாசம் இல்லை. செட்டின் தரத்தைப் பரிசோதித்த நிபுணர்களாலும் உயர்த்தி தாழ்த்திச் சொல்ல முடியவில்லை. பின்னர் கணக்குப் போட்டுப் பார்த்ததில், எளிய முறையில் டாக்டரின் நேரம் ஆளுக்கு ஒன்றரை மணி மிச்சமாகியிருந்தது.

இதை லேபில் ஒரு சார் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நான் வாழ்நாள் முழுக்கச் செய்த தனி ட்ரேக்களெல்லாம் வீணா? எதிர்வீட்டு அம்மா கேட்ட அதே கேள்வி. கொஞ்ச நாள் கழித்துத்தான் செய்யூர் பாட்டி ஞாபகம் வந்தார். இரண்டாவது தடவை என்ற ஒன்று இல்லாமலிருந்தால், அவருடைய மூன்றாவது வருகையின்போது மெழுகில் பல்லே அடுக்கிக் காட்டியிருப்பேன்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் லீட்ஸில் ஹைட் என்பவரும் சகாக்களும் செய்து 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரே ஆளுக்கே இரண்டு செட் செய்து கொடுத்தார்கள். ஒன்று ஆல்ஜினேட்டில் இறுதி அளவெடுத்தது, மற்றது சிலிகானில். எது எது என்று சொல்லாமல் இரண்டையும் போட்டுப் பார்க்கவிட்டுக் கேட்டால், பாதிக்கும் மேற்பட்டவர்கள் சிலிகான் செட்டையே விரும்பினார்கள். ஆக, அளவெடுக்கும் பொருள் ஒன்றுமேயில்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அதோடு மான்ட்ரியல்காரர்களின் தாடை வேறு. அறுபது வருடம் வெற்றிலை போட்டு, பதினைந்து வருடம் பொக்கை வாயோடு இருந்துவிட்டு எழுபத்தைந்தில் வரும் நம் ஊர்த் தாடை வேறு. அம்மியாகத் தேய்ந்த தாடைக்கு ஒரே அளவு போதுமா என்பது எனக்கும் சந்தேகம்தான். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டிய இடம் மான்ட்ரியல் அல்ல, இங்கே.

இங்கே என்ன நடக்கிறது? என் சர்வீஸில் தீசிஸுக்காக நான் செய்த அக்ரிலிக் (பல்செட் செய்கிற பிளாஸ்டிக்) பட்டைகளுக்குக் கணக்கே இல்லை. 65 மில்லிமீட்டர் நீளம், 10 அகலம், 2.5 தடிமன். இந்தத் தூள் கலந்தால் எவ்வளவு பலம், அந்தத் தூள் கலந்தால் எவ்வளவு பலம் என்று மெஷினில் வைத்து உடைப்பார்கள். டக் என்று ஒரு சத்தம், ஒரு எண், அவ்வளவுதான். அந்தப் பட்டை யார் வாய்க்கும் போகாது. மாணவர்களைக் குறை சொல்லவில்லை. மூன்று வருடத்தில் முடிக்க வேண்டும், பட்டை சொன்ன நேரத்துக்கு வரும், பாட்டி வரமாட்டார்.

சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை என்று அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் மூன்று இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி செய்தால் என்ன? எழுபது தாண்டியவர்களை எடுத்துக்கொள்ளட்டும். பாதிப் பேருக்குப் பழைய முறை, பாதிப் பேருக்கு எளிய முறை. வேர்க்கடலையும் சல்லடையும் இருக்கட்டும். கூடவே எத்தனை தடவை வந்தார், பஸ் டிக்கெட் எவ்வளவு, துணைக்கு வந்தவருக்கு எத்தனை நாள் கூலி போனது, செட்டை வாங்காமலே நின்றுபோனவர் எத்தனை பேர் என்பதையும் எழுதிக்கொள்ளட்டும். கர்நாடகத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள முதியவர்களுக்கு இலவசமாகப் பல்செட் கட்டித்தர 'தந்த பாக்ய' என்று ஒரு திட்டமே போட்டார்கள். நம் அரசும் அப்படி ஒன்றைத் தொடங்குவதானால், எத்தனை தடவை வரச் சொல்வது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

இணைப்பிதழில் இடம் இருந்தால் இன்னொரு விஷயத்தையும் கொட்டை எழுத்தில் போடுங்கள். ராத்திரி செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். டோக்கியோவில் சராசரி வயது 87-க்கு மேலான 524 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா ஆபத்து சுமார் இரு மடங்காக இருந்தது. அவர்களில் செட் வைத்திருந்தவர்கள் பத்துப் பேரில் நான்கு பேர் அதோடுதான் தூங்கினார்களாம். நம் ஊரில் எத்தனையோ பேர் கட்டிய கணவன் முன்னால்கூடக் கழற்ற மாட்டார்கள். எதிர்வீட்டு அம்மாவும் அப்படித்தான் இருந்தார். இப்போது மூடி போட்ட டிபன் பாக்ஸ் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும், குளிக்கிற சோப்பு போதும். கொதிக்கிற தண்ணீர் கூடவே கூடாது, வளைந்துவிடும்.

எனக்கும் இப்போது மேலும் கீழும் செட்தான். என் வாயில் நானே அளவெடுப்பது சட்டப்படி தப்பு. நான் வாய்க்கு வெளியே வேலை செய்கிற ஜாதி. பழைய மாணவர் ஒருவர் இங்கே கிளினிக் வைத்திருக்கிறார். அவரிடம் போய், மான்ட்ரியல் முறையிலேயே எடுங்கள் சார் என்றேன். ஆல்ஜினேட்டில் ஒரே அளவு, நாலாவது தடவை செட் வாயில். பல் அடுக்கியது, வேகவைத்தது எல்லாம் நானே. மேல் செட் கல்லு மாதிரி நிற்கிறது. கீழ் செட், கொட்டாவி விட்டால் எழும்பும். இட்லி, சோறு, மீன், கொழுக்கட்டை எல்லாம் ஆகிறது. வேர்க்கடலையை மட்டும் வீட்டம்மா உரலில் இடித்துத்தான் தருகிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டென்டல் மெக்கானிக்,
விருத்தாசலம்.