இசக்வா ஓடையில் நம் ஓராண்டு: செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக மீனுக்கு வந்துவிடுகிறேன்.

செப்டம்பரில் பாலத்தடியில் சினூக் என்ற பெரிய சால்மன் மீன் தென்படத் தொடங்கியது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக அது வரும் வழியைச் சொல்கிறேன். சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடலிலிருந்து பேலர்ட் மதகின் 21 படி மீன் ஏணியில் ஏறி, வாஷிங்டன் ஏரி, சமாமிஷ் ஆறு, சமாமிஷ் ஏரி எல்லாம் கடந்து நம் ஓடைக்குள் நுழைகிறது. 1936இல் கட்டிய, மீன் முட்டையைப் பொரிக்கவைத்துக் குஞ்சு வளர்க்கும் பொரிப்பகத்தின் தடுப்பு அதைப் பொரிப்பகத்து ஏணிப் பக்கம் திருப்பிவிடுகிறது. தேவையான முட்டை சேர்ந்ததும் மற்ற மீன்களை மேலோடைக்குப் போகவிடுகிறார்கள்.

முட்டை எடுக்கும் நாட்களில் நம்மவர்கள் முறை வைத்துப் போனோம். ஒரு பெண் சினூக்கின் வயிற்றில் நாலாயிரம் முட்டைகூட இருக்கும். பட்டாணி அளவு, ஆரஞ்சு நிறம். விந்து சேர்த்துத் தட்டுகளில் பரப்பி, மேலே குளிர்ந்த நீரை ஓடவிடுவார்கள். உள்ளே இரண்டு கருப்புக் கண்கள் தெரியும்வரை முட்டையை அசைக்கக் கூடாது. அப்புறம்தான் நம் வேலை: வெளுத்துச் செத்த முட்டைகளை இடுக்கியால் பொறுக்குவது. விட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் பரவும். அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய நம் அம்மாக்களின் வேகம் யாருக்கும் வரவில்லை.

செயற்குழுவில் அதிக நேரம் பேசியது ஸ்டீல்ஹெட், அதாவது கடலுக்குப் போய் வரும் ரெயின்போ டிரவுட் மீன் பற்றித்தான். நம் ஓடைச் சால்மன் முட்டையிட்டதும் செத்துவிடும்; சில ஸ்டீல்ஹெட்டோ சாகாமல் கடலுக்குத் திரும்பி மறுபடியும் வரும். வாஷிங்டன் ஏரிப் படுகையில் குளிர்காலத்தில் வந்துகொண்டிருந்த ஸ்டீல்ஹெட் இன்று அநேகமாக இல்லை. 1980களில் பேலர்ட் மதகருகே கடற்சிங்கங்கள் காத்திருந்து தின்றதைப் பழைய உறுப்பினர்கள் பார்த்திருக்கிறார்கள். பியூஜெட் சவுண்ட் சினூக் 1999இலும், ஸ்டீல்ஹெட் 2007இலும் அழிவு அபாயப் பட்டியலில் ஏறின.

வேறு ஆற்று ஸ்டீல்ஹெட் முட்டையைக் கொண்டுவந்து பொரித்துவிட்டால் என்ன என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ஆசை புரிகிறது. ஆனால் சேம்பர்ஸ் கிரீக் வம்ச ஸ்டீல்ஹெட்டைப் பல பத்தாண்டுகள் பல ஆறுகளில் இப்படித்தான் விட்டார்கள். பொரிப்பகத் தொட்டிக்கு வசதியாகச் சீக்கிரமே முட்டையிடும்படி தேர்ந்தெடுத்து வளர்த்த வம்சம் அது. காட்டு மீனோ அந்தந்த ஆற்றின் வெள்ளத்துக்கும் குளிருக்கும் ஏற்ற பருவத்தில் முட்டையிடும். இரண்டும் கலந்தால் காட்டு மீனுக்குத்தான் நட்டம். எத்தனை மீனை எங்கே விடுவது என்பதை மாநில மீன்வளத் துறையும் மக்கிள்ஷூட் பழங்குடியினரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். பழங்குடியினரின் ஒப்பந்த மீன்பிடி உரிமை பற்றி நீதிபதி போல்ட் 1974இல் தந்த தீர்ப்புதான் இந்தக் கூட்டு நிர்வாகத்துக்கு அடிப்படை. நாம் வைக்க வேண்டிய கோரிக்கை முட்டைக்கானது அல்ல, நல்ல தண்ணீருக்கானது என்பது என் உறுதியான கருத்து.

அதற்குக் காரணம் நவம்பரில் ஒரு மழைநாளில் நான் கண்டது. சாலையோரச் சிற்றோடை ஒன்றில் ஒரு பெண் கோஹோ சால்மன் வாயைத் திறந்து திறந்து மூடியபடி மேல்மட்டத்தில் வட்டமடித்தது. சிறிது நேரத்தில் பக்கவாட்டில் சாய்ந்தது. எடுத்துப் பார்த்தபோது வயிறு நிறைய முட்டை, ஒன்றைக்கூட இடவில்லை. கடலில் வளர்ந்து, ஏணி ஏறி, வீட்டு வாசல்வரை வந்து செத்தது. டயர் ரப்பர் விரிசல் விடாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனுடன் வினைபுரிந்து நஞ்சாகி, மழைநீரோடு ஓடைக்கு வருகிறது என்பதை 2020 டிசம்பரில் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கோஹோவுக்கு மிகச் சிறிய அளவே போதும். ஸ்டீல்ஹெட்டையும் அது பாதிக்கிறது. அதே சாலை நீரை மணலும் மக்கிய உரமும் கலந்த மண் வழியே வடியவிட்டால் கோஹோ பிழைப்பதையும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே வரும் ஆண்டில் நம் தொண்டு நேரத்தில் பாதியை, சாலை நீரை இப்படி மண் வழியே வடியவிடும் மழைத் தோட்டங்களுக்கும் கரையோர மரநடவுக்கும் ஒதுக்கச் செயற்குழு முன்மொழிகிறது. பொரிப்பகப் பணி நிற்காது. முட்டை பொறுக்கும் முறைப் பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கிறது, பெயர் கொடுங்கள். முதல் மழைத் தோட்டம் நம் கூட்ட அரங்கின் வண்டி நிறுத்துமிடத்தில். மண்வெட்டி சங்கத்தில் ஆறுதான் உண்டு, இருப்பவர்கள் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்