சமணர் மலைக்குக் கீழே ஓர் ஊரும் இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார ஞாயிறு இணைப்பில் மதுரை கீழக்குயில்குடி சமணர் மலையைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். 'அடிவாரம் வரை கார் போகும், படியேறி இறங்க ஒரு மணி நேரம் போதும்' என்ற வரிதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. போதும், சரி. ஆனால் அந்தக் கணக்கில் ஊர் விட்டுப்போகிறது. மலையைப் பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம் முன்னதாகவே இறங்கி நடந்து வரலாமே என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நடப்பதற்கு இது ஒன்றும் பழனிப் பாதயாத்திரை இல்லை. தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டையில் இறங்கித் தெற்கே திரும்பினால் பெரும்பாலும் சமதளம்தான். முடியாதவர்களுக்கு மதுரையிலிருந்து நகரப் பேருந்து ஊர் வரைக்கும் வருகிறது. ஊரைத் தாண்டினால் மலையடிவாரத்தில் தாமரைக்குளம், அய்யனார் கோயில், பக்கத்தில் கருப்பசாமி, விழுது இறக்கி நிற்கும் ஆலமரங்கள். வயதானவர்கள் மலை ஏறாமல் இந்த நிழலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாலும் வந்ததற்குக் குறைவில்லை. கட்டுரையில் கோயிலுக்கு அரை வரிதான் கிடைத்திருக்கிறது. ஊர்க்காரர்களுக்கோ மலையே அய்யனாருக்குப் பின்னால் இருக்கிற மலைதான்.

கோயிலுக்குப் பின்னால் பாறையில் படி வெட்டியிருக்கிறார்கள். மூச்சு வாங்குவதற்குள் பேச்சிப்பள்ளம் வந்துவிடும். சுனையை ஒட்டிய பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். சமணர்கள் வணங்கும் பார்சுவநாதர், பாகுபலி, மகாவீரர் எல்லோரும் இருக்கிறார்கள். அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. 9, 10ஆம் நூற்றாண்டு வேலை. செல்பி எடுக்கிறவர்கள் சிற்பத்தோடு நின்றுவிடுகிறார்கள், கீழே குனிவதில்லை. அங்கே ஓரிடத்தில் இப்படி வெட்டியிருக்கிறது: 'ஸ்ரீ அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி'. அச்சணந்தி அந்தக் காலத்தில் இந்த வட்டாரமெங்கும் அறியப்பட்ட சமணத் துறவி. ஆனைமலையிலும் கொங்கர் புளியங்குளத்திலும் அவர் பெயர் பாறையில் இருக்கிறது. இங்கே வந்திருப்பவர் அவருடைய அம்மா. மகன் எல்லாவற்றையும் துறந்து போன பிறகும் அம்மா தன்னை 'அச்சணந்தி தாயார்' என்றே வெட்டச் சொல்லியிருக்கிறார் பாருங்கள்! துறவு மகனுக்குத்தானே.

அப்புறம் கீழே இறங்கி மலையைச் சுற்றித் தென்மேற்குப் பக்கம் போனால் செட்டிப்புடவு என்ற குகை. வாசலில் பெரிய மகாவீரர் அமர்ந்திருக்கிறார். நீண்ட காதும் சாவகாசமான இருப்புமாக இருக்கிற அவரை ஊரார் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். உள்ளே கூரை வளைந்து தாழ்ந்திருக்கும், குனிந்து போய் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். முதல் சிற்பத்தை அவசரப்படாமல் பாருங்கள். சிங்கத்தின் மேல் ஒரு பெண், கையில் வில். எதிரே யானை மேல் வாளும் கேடயமுமாக ஒரு வீரன். சிங்கம் யானை மேல் பாய்கிறது. எறும்புக்கும் தீங்கு நினைக்காத துறவிகள் இருந்த இடத்தில் இப்படியொரு சண்டைக் காட்சி! அவளை அம்பிகா என்ற இயக்கி, அதாவது சமணக் காவல் தெய்வம் என்கிறார்கள் அறிஞர்கள். அவளுக்கு அடுத்து முக்குடை என்ற மூன்றடுக்குக் குடை நிழலில் சமண குருமார்களான தீர்த்தங்கரர்கள் ஒன்றுமே நடக்காதது மாதிரி அமர்ந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் ஓரளவு உங்கள் கட்டுரையிலும் இருந்தது. இல்லாதது ஊரின் கதை. இந்தப் பகுதிக் கள்ளர்கள் பல ஊர்களுக்குக் காவல் இருந்து கூலி வாங்கியவர்கள். காவலில் இருக்கும் ஊரில் களவு போனால் பொருளை மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் தங்கள் போலீஸைக் கொண்டுவந்தபோது இந்த உரிமை போனது. பிறகு வந்தது குற்றப் பழங்குடிகள் சட்டம். மக்கள் வாயில் அது ரேகைச் சட்டம். 1911இல் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். மதுரைப் பக்கத்துக் கள்ளர்களில் 1914இல் முதலில் அகப்பட்டது கீழக்குயில்குடி. செய்த குற்றத்துக்காக இல்லை, பிறந்த சாதிக்காகவே ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். ராத்திரி போலீஸ் சொல்லும் இடத்தில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். சட்டம் ஒழிந்தது 1947இல்தான்.

மலையில் குணமதியாரின் பெயரை நின்று வாசிக்கிறவர்கள், போலீஸ் பதிவேட்டில் பெயர் ஏறிய ஓர் ஊரைக் கார் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே கடந்து போகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. சமணர்களைப் பற்றித் தொல்லியல் துறைப் பலகை இருக்கிறது, ரேகைச் சட்டத்தைப் பற்றி ஒரு பலகை என் கண்ணில் படவில்லை. உங்களைப் போன்ற பத்திரிகைகளாவது எழுதலாம். ஊர் மந்தையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கட்டுரைக்குப் பாதி விஷயம் அங்கேயே கிடைத்துவிடும். தாத்தா காலத்துக் கதைகளைக் கேட்க ஆள் வந்தால் அவர்கள் சும்மா விட மாட்டார்கள்.

கால் இடம் கொடுத்தால் முத்துப்பட்டிப் பக்கமும் போய் வரச் சொல்லுங்கள். அங்கே பாறைப் படுக்கைகளும் ஈராயிரம் ஆண்டு பழைய தமிழ்ப் பிராமி எழுத்தும் இருக்கின்றன. அதில் முசிறி என்ற பெயர் வருகிறது. சேர நாட்டுத் துறைமுகத்துப் பெயர் மதுரைக் குன்றில்! தண்ணீர் கையோடு கொண்டு போக வேண்டும், காலை வெயில் ஏறுவதற்குள் போவது நல்லது. காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டு வரவும் சொல்லுங்கள். பாறையில் காதலி பெயரைக் கிறுக்குகிறவர்கள் உங்கள் பத்திரிகையைப் படிப்பார்களா என்று தெரியவில்லை, இருந்தாலும் ஒரு வரி போட்டு வையுங்கள்.

இன்னொன்று. பேச்சிப்பள்ளம் படத்துக்குக் கீழே 'புத்தர் சிலை' என்று அச்சாகியிருக்கிறது. தலைக்கு மேல் பாம்பு படமெடுத்து நிற்க, நின்ற கோலத்தில் இருக்கும் அவர் பார்சுவநாதர். அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகமலை புதுக்கோட்டை