கிருஷ்ணகிரியில் சொந்தப் பாட்டுக்கும் மின்னிசைக்கும் ஒரு பொது ஒலி செட்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர், ஓசூர், தர்மபுரி என்று இந்தப் பக்கம் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்களும், லேப்டாப்பிலும் சிந்தசைசரிலும் மின்னிசை செய்கிறவர்களும் நிறையவே இருக்கிறார்கள். மேடை ஏற வேண்டுமென்றால் பெங்களூருக்குப் போகிறார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர். இங்கே கேட்க ஆள் இல்லாமல் இல்லை, மண்டபத்துக்கும் பஞ்சமில்லை. இந்த இசையை உள்ளது உள்ளபடி ஒலிக்கவைக்கும் செட்தான் இல்லை. அதைப் பொதுவில் வாங்கி, கிருஷ்ணகிரியில் வைத்து, கேட்கிற குழுவுக்கெல்லாம் குறைந்த வாடகைக்குக் கொடுக்கவே இந்த வேண்டுகோள்.

மொத்தச் செலவு 5,60,000 ரூபாய். எங்கள் குழு உறுப்பினர்கள் போட்டது 1,40,000. மீதி 4,20,000 ரூபாயை உங்களிடம் கேட்கிறோம்.

தெருவுக்குத் தெரு ரேடியோ செட் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் ஊர் ரேடியோ செட்காரர்கள் அவர்கள் வேலையில் கெட்டிக்காரர்கள். திருவிழாவிலும் கல்யாணத்திலும் பேச்சும் பாட்டும் தூரத்துக்குக் கேட்க வேண்டும், கருவியும் அதற்கேற்றதுதான். மின்னிசையில் கிக்கின், அதாவது தாளத்தை நடத்தும் கனத்த 'தும்' அடியின், கனம் 40 முதல் 60 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. சாதாரணப் பெட்டி அந்த ஆழத்துக்கு இறங்காது. பேஸ் குமிழைத் திருகித் திருகி ஏற்றினால் ஆம்ப் தாங்காமல் ஒலியை வெட்டும் (கிளிப் ஆகும்), முதலில் கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் கருகும், கிக் மட்டும் வரவே வராது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒரு சின்ன வயரில் இருக்கிறது. லேப்டாப்பை இணைக்கப் பல இடங்களில் கையில் இருப்பது ஒரே வயர்: ஒரு முனையில் இயர்போன் பின், மறுமுனையில் மைக் பின். இயர்போன் ஓட்டையிலிருந்து இடது, வலது என்று இரண்டு சிக்னல் வருகிறது. மிக்சரின் பேலன்ஸ்டு இன்புட்டோ அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் ஒன்றுபோல இருப்பது அடிபட்டுப் போகும். கிக், பேஸ், குரல் மூன்றும் இரண்டு பக்கத்திலும் சமமாக இருப்பவை. மூன்றும் காணாமல் போய், எதிரொலியும் ஓரத்துச் சத்தங்களும் மட்டும் மிஞ்சும். ஆபரேட்டர் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைப்பார். வாசிப்பவர் லேப்டாப்பைத் திரும்பத் திரும்ப ஆன் செய்துகொண்டிருப்பார். கூட்டம் கலைந்துவிடும். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு டி.ஐ. பெட்டி (கருவியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வைத்தால் இந்தச் சிக்கலே எழாது. ஒன்று 4,000 ரூபாய். ஆறு வாங்குகிறோம், 24,000.

அந்த டி.ஐ. பெட்டியே இன்னொரு தொல்லையையும் தீர்க்கும். லேப்டாப் சார்ஜர் மேடையில் ஒரு பிளக்கில், மிக்சர் மண்டபத்தின் கடைசியில் வேறொரு பிளக்கில் என்று இருந்தால், இரண்டு எர்த்துக்கும் நடுவில் உள்ள சிறு வோல்டேஜ் ஆடியோ வயர் வழியாக ஓடும். 50 ஹெர்ட்ஸ் உறுமல் நிகழ்ச்சி முழுக்கக் கேட்கும். டி.ஐ. பெட்டி அந்த வழியைத் துண்டித்துவிடும். உறுமலை நிறுத்த எர்த் பின்னை உடைத்துவிடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அது உயிரோடு விளையாடுவது. எர்த் இல்லாத ஆம்ப்பில் கரண்ட் கசிந்தால், கிட்டார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைப்பவருக்குத்தான் ஷாக் அடிக்கும்.

அதனால் மின் பலகை ஒன்றுக்கு 18,000 ஒதுக்கியிருக்கிறோம். மேடைக்கும் மிக்சருக்கும் கரண்ட் அந்த ஒரே பலகையிலிருந்து போகும்; 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே டிரிப் ஆகும். எதையும் சொருகும் முன் மல்டிமீட்டர் வைக்க வேண்டும். ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட் சுற்றி, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். ஃபேஸ்-எர்த் 90, 120 என்று அரைகுறையாகக் காட்டினால் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை என்று அர்த்தம். அந்த மண்டபத்தில் எர்த் சரிசெய்யும் வரை செட் ஆன் ஆகாது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஊர்களுக்காக 20,000 ரூபாயில் ஸ்டெபிலைசர். டிஜிட்டல் மிக்சர் ஒரு நொடி அணைந்தாலும் மறுபடி எழுந்திருக்க நேரம் பிடிக்கும் என்பதால் அதற்கென்று 5,000 ரூபாயில் ஒரு சின்ன யு.பி.எஸ்.

பெரிய செலவு 18 அங்குல சப் (அடி ஆழத்து ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி) இரண்டு, 1,50,000. இதில் சிக்கனம் பார்த்தால் செட் வாங்கியதற்கே பொருள் இல்லை. இரண்டையும் மேடைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று அழகுக்குப் பிரித்து வைக்கக் கூடாது. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். பிரித்து வைத்தால் நட்டநடுவில் உட்கார்ந்தவருக்கு நெஞ்சில் இடிக்கும், நாலு நாற்காலி தள்ளி இருப்பவருக்கு ஒன்றுமே இருக்காது. நடுவில் ஒட்டி வைத்தால் ஒரே பெட்டிபோல வேலை செய்து, தனியாக ஒன்று தருவதைவிட 6 டெசிபல் வரை கூடுதலாகத் தரும்; எல்லா வரிசைக்கும் ஓரளவு ஒன்றுபோலப் போய்ச் சேரும்.

மற்றவை: மேல் ஸ்பீக்கர் இரண்டு 90,000, மிக்சர் 65,000, பாடுபவர் காதுக்கு மானிட்டர் மூன்று 72,000, மைக் ஆறு 48,000, கேபிளும் ஸ்டாண்டும் 33,000, எல்லாவற்றுக்கும் பெட்டி, உறை 35,000. உறையை வீண் செலவு என்று நினைக்க வேண்டாம். கோடையில் புழுதியும் குடோனில் எலியும்தான் செட்டுக்கு எமன். லைட், எல்.இ.டி. சுவர், புகை மெஷின் எதுவும் பட்டியலில் இல்லை. ஒரு ரூபாய்கூட அதற்குப் போகாது.

மைக்கில் இரண்டு பம்பைக்கும் பறைக்கும் என்றே தேர்ந்தவை, அதிர்வை உடையாமல் தாங்குகிற டைனமிக் ரகம். மின்னிசையோடு இவற்றைச் சேர்த்து வாசிக்க இங்கே பலருக்கு ஆசை. பறையின் நடுவுக்கு நேராக மைக் வைத்தால் அடி மட்டும் விழும். முக்கால் அடி தள்ளி, விளிம்பைப் பார்த்துச் சாய்த்தால் தோலின் நாதம் வரும். பறை காய்ச்சும் தீ கேபிளிலிருந்து 15 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

கணக்கையும் பாருங்கள். இதே அளவு செட் பெங்களூரிலிருந்து வந்தால், வண்டி, சுங்கம் எல்லாம் சேர்த்து ஒரு இரவுக்கு 25,000 ரூபாய்க்குக் குறையாது. 200 ரூபாய் டிக்கெட்டில் 80 பேர் வந்தாலும் வசூல் 16,000. பாடியவருக்குப் பஸ் காசு தரக்கூட வழியில்லை. நம் செட்டுக்குக் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்துக்குள்ளும் வாடகை 3,000. குட்டி யானை வாடகை தனி. அந்த 3,000 முழுக்கப் பழுதுபார்ப்புக்கு. முதலில் போவது கேபிள் முனை, அப்புறம் மைக், கடைசியில்தான் ஸ்பீக்கர்.

சொந்த இசை வாசிக்கும் யாரும் கேட்கலாம். சாதி, கட்சி நிகழ்ச்சிகளுக்குச் செட் போகாது. மிக்சரில் கை வைப்பவர் எங்களிடம் ஒரு நாள் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. ஆன் செய்யும்போது மிக்சர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். இதை மாற்றிச் செய்தால் வருகிற ஒரே 'டொப்' சத்தம் ஸ்பீக்கரின் ஆயுளைக் குறைக்கும்.

அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. ஒலிமாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பொது இடத்தின் எல்லையில் சத்தம், அந்தப் பகுதிக்குரிய வரம்புக்கு மேல் 10 டெசிபல் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. எங்கள் நிகழ்ச்சிகள், மண்டபத்துக்குள் நடந்தாலும் சரி, 9.30-க்கு முடியும். சத்தம் அளக்கும் மீட்டரை மட்டும் நம்பியும் இருக்க மாட்டோம். விதியில் உள்ள டெசிபல் (ஏ) அளவுகோல் 50 ஹெர்ட்ஸை 30 டெசிபல் குறைத்தே காட்டும். மீட்டர் சரி என்று சொல்லும்போதே பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும். அதனால் ஒருவர் வெளியே தெருவில் நின்று கேட்டுச் சொல்வார். உள்ளே, உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்ன 100 டெசிபல் சராசரிதான் உச்சம். வாசலில் காதடைப்பான் இலவசம்.

முதல் நிகழ்ச்சிகளை ஆடி மாதத்தில் வைக்க எண்ணம். ஆடியில் கல்யாணம் கிடையாது. மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். திறந்தவெளி என்றால் மட்டும் யோசிக்க வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். ஸ்டாண்ட் மேல் நிற்கும் 20 கிலோ ஸ்பீக்கர் எம்மாத்திரம்? ஒவ்வொரு காலுக்கும் மணல் மூட்டை கட்டாயம்.

ஒரு கேபிள் 1,200, ஒரு டி.ஐ. பெட்டி 4,000, ஒரு மைக் 8,000, ஒரு சப் 75,000. ஒரு பொருளை முழுதாக ஏற்றுக்கொள்ளலாம். 100 ரூபாய் தந்தாலும் ரசீது உண்டு. பணத்தைக் குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். கணக்கு விவரம் பொருளாளரிடம் கிடைக்கும். 80ஜி பதிவு எங்களிடம் இல்லை, வரிச் சலுகை எதிர்பார்த்துத் தர வேண்டாம். பணமாக முடியாதவர்கள் நல்ல நிலையில் உள்ள மைக் ஸ்டாண்ட், ஈரம் இறங்காத ஓர் அறை, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனின் ஒரு நாள் வேலை, இவற்றில் எதைத் தந்தாலும் பேருதவி. வாங்கிய ஒவ்வொரு பொருளின் பில்லும் நன்கொடை தந்தவர்கள் பார்வைக்கு வைக்கப்படும்.

வைகாசி கடைசிக்குள் முழுத் தொகை சேராவிட்டால், சேர்ந்த வரைக்கும் மின் பலகை, டி.ஐ., கேபிள், மிக்சர் என்ற வரிசையில் வாங்குவோம், சப் பிறகு. அது வேண்டாம் என்பவர்கள் ஆனி 10-ஆம் தேதிக்குள் சொன்னால் அவர்கள் தந்த பணம் அப்படியே திரும்பி வரும்.

இப்படிக்கு,
நன்கொடைக் குழுவினர்,
கிருஷ்ணகிரி