எடுக்காமலே கெடுக்கப்படும் நிலங்களுக்கும் இழப்பீடு வேண்டும்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பாலாற்றுக்குத் தெற்கே எங்கள் குடும்பத்துக்கு 80 சென்ட் கழனி உண்டு. அதையொட்டிய சாலையை உயர்த்தி அகலப்படுத்தியபோது எங்களிடமிருந்து ஒரு சென்ட்கூட எடுக்கப்படவில்லை. ஆனால், மழைநீர் காலங்காலமாகக் கடந்து சென்ற பழைய சிறுபாலத்தை மூடிவிட்டு, புதியதை மேட்டுப் பக்கமாகக் கட்டினார்கள். அதிலிருந்து ஐப்பசி, கார்த்திகை மழையில் முழங்கால் அளவு நீர் நின்று பயிர் வேரோடு அழுகுகிறது. தை பிறந்த பிறகும் ஏர் இறக்க முடியாத சேறாகவே கிடக்கிறது. மனு கொடுத்தோம். நிலம் கையகப்படுத்தப்படவில்லை, பட்டா உங்கள் பெயரில்தானே இருக்கிறது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை என் தந்தையிடம் படித்துக் காட்டிய நாளை என்னால் மறக்க முடியவில்லை.

சொத்துரிமை 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டாலும், சட்டத்தின் அதிகாரமின்றி எவரது சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அரசமைப்பின் 300ஏ பிரிவு இன்றும் சொல்கிறது. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவோ, ஒருவருடைய நிலத்தில் ஒரு பகுதியை எடுப்பதால் அவருடைய மற்ற சொத்துக்கு நேரும் கேட்டையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. அதாவது, இரண்டு சென்ட் இழந்தவர் மீதி நிலத்தின் சேதத்துக்கும் தொகை கேட்கலாம். எதையும் இழக்காமல் முழுக் கழனியும் மூழ்கிப்போனவருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறார்கள். 80 சென்ட் வைத்திருப்பவர் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்த எதை விற்பார்?

இழப்பீட்டுக்கு நிலம் கைமாறியிருக்க வேண்டியதில்லை என்பதை நம் மண்ணிலிருந்து போன வழக்கே காட்டியிருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலமும் கிணறுகளும் பாழானபோது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே பாதிக்கப்பட்டோருக்கு ஈடு செய்ய வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நிலங்களின் பட்டாக்களும் உழவர்களின் பெயரில்தான் இருந்தன. தனியார் தொழிற்சாலைக்குப் பொருந்தும் அந்த நியாயம், பொதுப்பணியால் கேடு விளையும்போது அரசுக்கும் பொருந்த வேண்டும் என்பதே என் வாதம்.

சாலை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் நெல்லும் வேர்க்கடலையும் அதன் வழியாகத்தான் சந்தைக்குப் போகின்றன. ஊருக்கெல்லாம் பயன்படும் ஒரு பணியின் நட்டத்தை அதையொட்டி நிலம் வைத்திருக்கும் நாலைந்து குடும்பங்கள் மட்டுமே சுமப்பது முறையாகாது என்றுதான் சொல்கிறோம். ஆகவே, பணி தொடங்கும் முன் கிராம நிர்வாக அலுவலரும் பொறியாளரும் நில உடைமையாளரை உடன் வைத்துக்கொண்டு நீரோட்டத்தையும் நில மட்டத்தையும் பதிவு செய்யவும், பிறகு சேதம் நேர்ந்தால் மாவட்ட ஆட்சியர் குறித்த காலத்துக்குள் விசாரித்து இழப்பீடு வழங்கவும் வழிசெய்யும் சட்டத் திருத்தத்தை அடுத்த கூட்டத்தொடரிலேயே நீங்கள் கோர வேண்டும். அதற்கு முன்னதாக, மூடப்பட்ட சிறுபாலங்களை ஐப்பசி மழைக்குள் திறந்துவிட உத்தரவு பெற்றுத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு கழனியின் உடைமையாளர்