தோட்டத்தாரின் ‘அறியாமை’ குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பில் கொரோனாக் காலத்துத் தடுப்பூசித் திட்டத்தைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எழுதியவர் படித்தவர், உழைத்து எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மலேசியாவின் தோட்டப்புற மக்கள் ஊசிக்குத் தயங்கியதற்கு அவர்களுடைய அறியாமையே காரணம் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டாரே, அந்த வரிதான் இந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்துவிட்டது.

நான் 1971 முதல் 2004 வரை தோட்டத்து டிரசராக வேலை பார்த்தவன். 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர் என்பது காகிதத்தில் இருந்த பெயர், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் டிரசரய்யா. எனவே ஊசிக்குப் பயப்படும் கையையும் ஊசிக்கு நீளும் கையையும் கட்டுரையாளரைக் காட்டிலும் சற்று அதிகமாகப் பார்த்திருப்பேன் என்று சொல்லிக்கொள்வதைத் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

1972இல் போலியோ சொட்டு மருந்து இந்நாட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டபோது, எங்கள் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த தாய்மார்கள் வாளியை ஓரமாக வைத்துவிட்டு, கையில் ஒட்டிய பாலைக்கூட உரித்தெடுக்காமல், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒருத்தி மறுக்கவில்லை. அவர்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் அதற்கு முந்திய ஆண்டு மூன்றாவது லயத்தில் ஒரு பையனுக்குக் கால் சூம்பிப் போனதை அத்தனை பேரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். அறியாமைதான் காரணமென்றால், எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தலைமுறையல்லவா முதலில் ஓடி ஒளிந்திருக்க வேண்டும்?

பிறகு எங்கே பிசகியது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்தவரை எங்கள் வட்டாரத்தில் அது 1999இல் பிசகியது. புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் காய்ச்சல் பரவி ஆட்கள் நினைவு தப்பி விழத் தொடங்கியபோது, அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் அறிவித்தார்கள். கொசுவுக்குப் புகை அடித்தார்கள். அந்த நோய்க்கான தடுப்பூசியையும் போட்டார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டிய பிறகுதான், இது வேறொரு நோய், பன்றியிடமிருந்து நேராக மனிதனுக்குத் தொற்றுவது, போட்ட ஊசிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்பது தெரிந்தது. அதற்குப் பின்னர் நிப்பா என்ற பெயர் உலகம் முழுவதும் பரவியது. இந்நாட்டில் நோய் கண்ட 265 பேரில் 105 பேர் இறந்தார்கள். இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. உங்கள் பத்திரிகையிலேயே அன்று முதல் பக்கத்தில் வந்த செய்திகள்தாம்.

அந்த 105 பேரில் ஒருவர் எங்கள் தோட்டத்திலிருந்து பண்ணை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஊசி போட்டுக்கொள்ளும்படி அவரிடம் சொன்னவன் நான். மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத்தானே பிடிக்கும், இங்கே பன்றியைத் தொட்டு வேலை செய்யும் வாலிப ஆண்களாக விழுகிறார்களே என்ற நெருடல் எனக்கும் இருந்தது. இருந்தாலும் மேலிடத்தில் சொன்னதைச் சொன்னேன். அவர் போட்டுக்கொண்டார். சில வாரங்களில் காய்ச்சல் கண்டு, சிரம்பானுக்குக் கொண்டுபோய், உடலாகத் திரும்பினார்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 ஜூன் மாதத்தில், அவருடைய மகள் ஊசிக்கு வர மறுக்கிறாள் என்று தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் என்னிடம் வந்து சொன்னார். பணி ஓய்வு பெற்ற கிழவனாயிற்றே, பேசிப் பார்க்கட்டும் என்று நினைத்திருப்பார். முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு போய், அந்த வீட்டு வாசற்படிக்குக் கீழே நின்றேன். அந்த அம்மா கோபப்படவில்லை. “எங்கப்பாவையும் நீங்கதானே ஊசி போட்டுக்கச் சொன்னீங்க, டிரசரய்யா?” என்று மட்டும் கேட்டார். இதை அறியாமை என்பதா, ஐயா? இருபத்திரண்டு ஆண்டுகளாக மறக்காமல் வைத்திருந்த கணக்கு அது. அன்றைக்குப் போட்டது வேறு நோய்க்கான ஊசி, அது தெரியாமல் சொன்னது என் தப்பு, இன்றைக்கு வந்திருக்கும் கிருமி எதுவென்று கண்டுபிடித்து அதற்கென்றே செய்த ஊசி இது என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இடக் கையில போடுவாங்களா? மறுநாள் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கணும்” என்றார். போட்டுக்கொண்டார்.

தங்கள் கட்டுரையாளர் இன்னொன்றையும் மறந்துவிட்டார். நடிகர் விவேக் சென்னையில் 2021 ஏப்ரல் 15ஆம் தேதி ஊசி போட்டுக்கொண்டார், 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். இங்கே முதியோருக்கான இரண்டாம் கட்டத் தடுப்பூசி 19ஆம் தேதி தொடங்கியது. நடுவில் இரண்டே நாள். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த எங்கள் வீடுகளில் அவர் எப்படிப்பட்ட உறவு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அவருக்குப் போட்ட கோவேக்சின் நம் நாட்டுத் திட்டத்திலேயே இல்லை என்பதையோ, அவருடைய மரணத்துக்கு ஊசி காரணமல்ல என்று இந்திய அரசின் குழு அதே ஆண்டு அக்டோபரில் தெரிவித்ததையோ, அவர் ஊசி போட்டுக்கொண்ட படத்தையும் மாலை போட்ட படத்தையும் அருகருகே அச்சிட்ட அதே அளவு எழுத்தில் உங்கள் பத்திரிகையில் நான் பார்க்கவில்லை. பார்த்தது வேறு. அந்த மாதத்திலேயே, கிருமியை அண்டவிடாத மூலிகைப் பொடி என்று கால் பக்க விளம்பரம் வந்தது. அறியாமை எங்கே விளைகிறது என்று எழுதப் புகுந்தவர் அந்தக் கால் பக்கத்தையும் ஒரு முறை புரட்டியிருக்கலாம்.

நகரவாசிகளை மட்டும் அறியாதவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஏப்ரல் 28ஆம் தேதி, மக்கள் பயந்ததால், அஸ்ட்ராஸெனெகா ஊசியைப் பொதுத் திட்டத்திலிருந்து எடுத்து, விரும்புவோர் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. மே 2ஆம் தேதி கோலாலம்பூர், சிலாங்கூர் மக்களுக்கு முன்பதிவு திறந்த சில மணி நேரத்தில் அத்தனை இடமும் தீர்ந்துபோனது. ஒரே ஊசி, ஒருவருக்குப் பயம், இன்னொருவருக்கு வேட்கை. படித்தவர்கள் ஃபைசர்தான் வேண்டும், சினோவேக் வேண்டாம் என்று சொன்னபோது அதற்குப் பெயர் விழிப்புணர்வு. அதே கேள்வியைச் செம்பனைக் காட்டில் நின்று ஒருவர் கேட்டால் அறியாமையாகிவிடுகிறது.

மேலும், தயங்கியவர்கள் என்று கணக்கில் எழுதப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் மறுத்தவர்கள்? பதிவு செய்யப் பெரும்பாலும் மைசெஜாத்ரா என்ற கைத்தொலைபேசிச் செயலி வேண்டியிருந்தது. மூன்று குடும்பத்துக்கு ஒரு நல்ல தொலைபேசி இருந்த இடங்கள் எங்கள் பக்கம் உண்டு. வந்த தகவல் மலாயில். எழுபது வயதுக் கிழவி அதை யாரிடம் காட்டுவாள்? பேரன் வேலை முடிந்து வந்து படிப்பதற்குள் குறித்த நாள் கடந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொடுத்த இடத்துக்கு வாடகைக் காரில் போய்வர 60 ரிங்கிட் கேட்டார்கள். துணைக்குப் போகும் மகனுக்கு அன்றையக் குலைக்கூலியும் போய்விடும். அடையாள அட்டையே இல்லாதவர்களின் கதை தனி. பிடிக்க மாட்டோம் என்று ஓர் அமைச்சர் சொல்ல, சோதனை நடத்துவோம் என்று இன்னோர் அமைச்சர் சொன்னால், அவர்கள் எந்த வாயை நம்பி வெளியே வருவார்கள்? இத்தனைக்கும் பிறகு, நடமாடும் ஊசிக் குழு தோட்டத்து மண்டபத்துக்கே வந்த நாளில் மண்டபம் நிறைந்துவிட்டது. நாற்காலி போடும் வேலையில் நானும் இருந்தேன்.

எங்கள் மருந்தகம் இருந்திருந்தால் அந்த வண்டிக்காகக் காத்திருந்திருக்கவே வேண்டாம். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆளே போடவில்லை. சில ஆண்டுகளில் கட்டடத்தை உர மூட்டை அடுக்கும் கிடங்காக்கிவிட்டார்கள். அதைப் பற்றி அந்தக் காலத்திலேயே இரண்டு பக்கக் கடிதம் எழுதி உங்களுக்கு அனுப்பினேன். நான்கு வரியில் வெளியிட்டீர்கள்; அந்த நான்கு வரியிலும் எங்கள் ஊர்ப் பெயர் பிழையாக இருந்தது. இடப் பற்றாக்குறை என்பதை நான் அறிவேன். பொடி விளம்பரங்களுக்கும் இடம் வேண்டுமல்லவா?

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே ஒரு விண்ணப்பம். இனி முதியோருக்கான சளிக்காய்ச்சல் ஊசியோ வேறெதுவோ அறிவிக்கப்பட்டால், எந்த நாள், எந்த இடம், போகவர வண்டி உண்டா இல்லையா என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில், மரண அறிவிப்புப் பக்கத்தில் போடுங்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பத்திரிகையை வாங்கியதும் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான்.

இந்தக் கடிதத்தையும் சுருக்கித்தான் வெளியிடுவீர்கள். என்னைப் பற்றியதை, மருந்தகத்தைப் பற்றியதை, உங்களைப் பற்றியதைக்கூட வெட்டிக்கொள்ளுங்கள். இடக் கையில் போடுவார்களா என்று கேட்ட அந்த அம்மாவைப் பற்றிய பத்தியை மட்டும் விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டத்து டிரசர்,
ரந்தாவ், நெகிரி செம்பிலான்