நாலு கை போதாது, கண்ணு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு வழக்கம்போல முட்டி வலி. வழக்கம்போல டாக்டரிடம் வர மாட்டேன் என்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்று கேட்டாய். "மூணு பேரை வச்சுக்கிட்டு, வேலைக்கும் போய்க்கிட்டு நீங்க எப்படிம்மா சமாளிச்சீங்க? எங்களுக்கு ரெண்டுக்கே முழி பிதுங்குது." நான் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் எதையோ கொட்டிவிட்டான், நீயும் போனை வைத்துவிட்டாய். போனில் உன்னோடு இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடிவதில்லை. அதனால் நோட்டில் எழுதி, தங்கச்சியை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முடிகிறபோது படி. லிப்டில் நின்று படித்தாலும் சரி.

நீ கேட்டதற்குப் பதில்: நாங்கள் சமாளிக்கவே இல்லை. நானும் அப்பாவும் மட்டும் என்றால் ஒரு வாரம்கூட ஓட்டியிருக்க முடியாது.

தண்டையார்பேட்டை லைன் வீட்டில் ஏழு குடித்தனம் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு அடி பம்பு, இரண்டு பாத்ரூம். அப்பாவுக்கு ஹார்பரில் ஷிப்ட். ஒரு வாரம் காலை ஆறு மணி, ஒரு வாரம் மதியம் இரண்டு, ஒரு வாரம் ராத்திரி பத்து. எனக்குக் கொருக்குப்பேட்டையில் சத்துணவுக் கூடம். நடுவில் ரயில்வே கேட். கேட் போட்டுவிட்டால் கூட்ஸ் வண்டி எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் சீக்கிரமே கிளம்பியாக வேண்டும். அப்போது உங்கள் மூன்று பேரையும் யார் கிளப்பினார்கள் என்று நினைக்கிறாய்?

உன் தலையைச் சீவிவிட்டது முதல் வீட்டு டெய்லர் மாமா. மெஷினுக்குப் பக்கத்தில் சீப்பு ஒன்று எப்போதும் இருக்கும். தங்கச்சிக்கு ரெட்டைச் சடை போட்டது எதிர் வீட்டு அக்கா. அவர்களுக்குக் கல்யாணம் ஆகிப் போனதும் இவள் ஒரு வாரம் தலைவிரி கோலமாகவே பள்ளிக்கூடம் போனாள். கிருஷ்ணாயில் க்யூவில் ஒருவர் நின்றால் நாலு வீட்டு டின்னும் அவரோடு நிற்கும். தண்ணீரும் அப்படித்தான். நான் எழுந்திருக்காவிட்டாலும் என் குடம் வரிசையில் நகர்ந்துகொண்டிருக்கும், யாராவது காலால் தள்ளிவிடுவார்கள். 2003-லும் 2004-லும் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் லாரியை நம்பிக் கிடந்தோமே, அப்போது உங்களுக்கெல்லாம் பரீட்சை. நீங்கள் ஒரு குடம்கூடத் தூக்கவில்லை. யார் தூக்கினார்கள் என்று நீங்களும் கேட்டதில்லை, அது போகட்டும்.

அப்புறம் பர்மா ஆயா. இவரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். 1960-களில் பர்மாவில் கடை கண்ணி எல்லாவற்றையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, ரங்கூனிலிருந்து வெறுங்கையோடு கப்பலேறி நம் ஹார்பரில் வந்து இறங்கியவர். அவருடைய மகன் சாயங்காலத்தில் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ கடை போடுவார், அதுதான் பர்மா நூடுல்ஸ். ஆயா பகலெல்லாம் சும்மா இருப்பார். சும்மா என்றால், சூப்புக்கு வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்கி, நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, வெங்காயத்தைப் பொன்னிறமாக வறுத்து டின்னில் கொட்டி மூடுவார். அந்தப் பாயின் ஓரத்தில்தான் நீ தவழ்ந்தாய். உனக்குப் பின்னால் மற்ற இரண்டும் தவழ்ந்தன. நீ முதலில் ருசித்துச் சாப்பிட்டது நான் குழைத்துக் கொடுத்த பருப்புச் சாதம் இல்லை, ஆயாவின் வாழைத்தண்டு சூப்தான். வறுத்த வெங்காயத்தை டின்னோடு எடுத்துக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஆயா திட்ட மாட்டார். இன்னொரு கிலோ உரிக்க ஆரம்பிப்பார்.

இதையெல்லாம் ஓசியில் வாங்கிக்கொண்டேன் என்று நினைக்காதே. ஆயாவுக்கு மாசாமாசம் கொஞ்சம் பணம், தீபாவளிக்கு ஒரு புடவை. அவருக்கு வருகிற கடிதாசைப் படித்துக் காட்டுவதும், ரேஷன் கார்டுக்கு மனு எழுதுவதும் நான்தான். டெய்லர் மாமா வீட்டுக்காரம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது ராயபுரம் ராமசாமி ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவில் கூட்டிப்போனவள் நான். போட்டதும் எடுத்ததும் யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது.

அதற்காக அந்த லைன் வீடு சொர்க்கம் என்று அளக்கப் போவதில்லை. உன் அப்பா அப்படித்தான் எல்லோரிடமும் அளக்கிறார். அழுவதற்குக்கூட அங்கே தனி இடம் கிடையாது. பாத்ரூமில் ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல நின்றால் வெளியே வாளி உருட்டுவார்கள். நம் வீட்டில் என்ன குழம்பு, சம்பளம் என்ன வந்தது, நாங்கள் பேசிக்கொள்கிறோமா இல்லையா, எல்லாம் ஏழு வீட்டுக்கும் தெரியும். உனக்கு அம்மை போட்டபோது ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லி என்னைப் பைத்தியமாக்கினார்கள். உன் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் நிம்மதியாக உட்கார்கிறாளே, அதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பொறாமையாக இருக்கும்.

அந்தக் கதவுக்கு வேறு விலை இருக்கிறது, அவ்வளவுதான். ஒன்பதாவது மாடியில் நாலு கை, இரண்டு குழந்தை. அந்த நாலு கையும் பாதி நேரம் லேப்டாப் மேல் இருக்கிறது. டே கேர் ஆறரைக்கு மூடிவிடும், உங்கள் மீட்டிங் ஏழு வரை இழுக்கும். சின்னவனை டே கேரில் விட்டதிலிருந்து சளி, காய்ச்சல் என்று மாறி மாறி வருகிறது என்கிறாய். நாலு பிள்ளைகளோடு புதிதாகச் சேர்கிற குழந்தைக்கு முதல் வருஷம் அப்படித்தான் இருக்கும், அதற்கு உங்கள் வளர்ப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காய்ச்சல் வந்த அன்றைக்கு யார் லீவு போடுவது என்று காலை ஏழு மணிக்குச் சண்டை. நான் தீபாவளிக்கு வந்திருந்தபோதே பார்த்தேன். குரலை உயர்த்தாமல், என் காதில் விழக் கூடாது என்று, அடுப்படியில் பல்லைக் கடித்துக்கொண்டு போட்ட சண்டை. விழுந்தது.

பிள்ளை பெற்றவளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு என்று 2017-ல் சட்டத்தை மாற்றினார்கள், நல்லது. பிள்ளைக்கு அப்பா என்று ஒருத்தன் இருக்கிறானே, அவனுக்கு மத்திய அரசு வேலையாக இருந்தால் 15 நாள். தனியார் கம்பெனி என்றால் சட்டப்படி ஒன்றும் இல்லை, முதலாளி மனசு வைத்தால் உண்டு. ஆக, ஆரம்பத்திலேயே குழந்தை அவளுடைய பொறுப்பு, நீ ஒத்தாசைக்கு என்று ஆகிவிடுகிறது. இதில் உன்னை எப்படிக் குறை சொல்வது? ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது.

நீ பாத்திரம் கழுவுகிறாய், சின்னவனைக் குளிப்பாட்டுகிறாய், பெரியவளுக்கு ஷூ மாட்டுகிறாய். உன் அப்பா இதில் கால்வாசி செய்திருந்தால் நான் கோயில் கட்டியிருப்பேன். ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவளைக் கேட்கிறாய். "என்ன பண்ணணும் சொல்லு, பண்றேன்." அவளுக்கு அதுதான் எரிச்சல். பாத்திரம் இல்லை.

சத்துணவுக் கூடத்தில் எனக்கும் இதே கதைதான். அமைப்பாளர் என்று பேர். அடுப்பில் வேகிறது சமையல்காரம்மா, கழுவிப் பெருக்குகிறது உதவியாளர், நான் நோட்டுப் புத்தகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பார்ப்பவர்களுக்கு என் வேலை நோகாத வேலை. ஆனால் இன்றைக்கு எத்தனை பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், அதற்கு எத்தனை படி அரிசி, பருப்பு எத்தனை நாளுக்குத் தாங்கும், எண்ணெய் எப்போது இறங்கும், எல்லாம் என் தலையில். 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தின நாள் ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. முட்டை சரியாக வந்து சேருமா, உடைந்தது எத்தனை, ஒரு பிள்ளைக்குக் குறைந்தால் என்ன செய்வது? சமையல்காரம்மா வீட்டுக்குப் போனதும் அவர் வேலை முடிந்தது. என் வேலை என்னோடு பஸ் ஏறி வரும்.

உன் வீட்டில் அந்த நோட்டு உன் மனைவியிடம் இருக்கிறது. டயப்பர் எத்தனை மிச்சம், பெரியவளுக்கு எந்தக் கிழமை கலர் டிரஸ், உன் மாமியாருக்கு மாத்திரை வாங்கி அனுப்பியாச்சா, வேலைக்காரம்மா நாளைக்கு வருவாரா, எல்லாம் அதில்தான். அவளே சொல்லி நீ செய்தால், சொல்கிற வேலை அவளுக்கு மிச்சம் இருக்கிறதே.

அதனால் ஒரு பக்கத்தை அப்படியே கிழித்து உன் கையில் வாங்கிக்கொள். ஆஸ்பத்திரி, காய்ச்சல், ஊசி, மருந்து எல்லாம் உன்னுடையது என்று வைத்துக்கொள். அட்டை உன்னிடம் இருக்கட்டும். சின்னவனுக்கு இப்போது பதினாலு மாசம். 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் இரண்டாவது தட்டம்மை ஊசி இருக்கிறது, முத்தடுப்பு ஊசியின் பூஸ்டர் இருக்கிறது, போலியோ சொட்டு இருக்கிறது. உங்கள் டாக்டர் தேதியைக் கொஞ்சம் முன்னே பின்னே சொல்லுவார், கேட்டுக்கொள். அவள் ஞாபகப்படுத்துவதற்கு முன்னால் நீ லீவு சொல்லியிருக்க வேண்டும். மறந்துபோனால் உன் தலைவலி. முதலில் இரண்டு தடவை சொதப்புவாய். அவள் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவளுக்கு அதுதான் கஷ்டம். அவளிடம் நான் தனியாகப் பேசுகிறேன்.

அப்புறம், யார் அதிகம் களைத்துப் போனது என்கிற போட்டியை விட்டுவிடுங்கள். இதில் ஜெயிக்கிறவருக்கு என்ன கிடைக்கப் போகிறது? நானும் அப்பாவும் அதிகம் சண்டை போடாததற்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஷிப்ட் வேலையில் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்ப்பதே கொஞ்ச நேரம். சண்டைக்கு நேரம் கிடைக்கவில்லை.

வீட்டு வேலையில் கொஞ்சத்தைக் கைகழுவு. துணிக்கு இஸ்திரி எதற்கு? உன் ஆபீசில் கேமராவில் கழுத்துக்கு மேலேதானே தெரிகிறது. இட்லி மாவு கடையில் வாங்கினால் குடி முழுகிப் போகாது. நான் அதைக் குறையாகச் சொன்னேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாளாம், தங்கச்சி சொன்னாள். நான் சொன்னது மாவைப் பற்றி இல்லை, அந்தக் கடைச் சட்னியைப் பற்றி. இதை அவளிடம் சொல்லிவிடு.

இன்னொன்று. எதிர் ஃபிளாட்டில் ஒரு ஒரிசாக்காரப் பெண் இருக்கிறாளே, அவள் பையனும் அதே டே கேர்தான். லிப்டில் பார்த்தால் சிரித்துக்கொள்கிறீர்களாம், அவ்வளவுதானாம். வியாழக்கிழமை உனக்கு மீட்டிங் இருந்தால் இரண்டு குழந்தையையும் அவள் கூட்டி வரட்டும், வேறொரு நாள் நீ கூட்டி வா. முதலில் நீ போய்க் கேட்காதே. முதலில் நீ செய். ஒரு நாள் அவள் பையனையும் சேர்த்துக் கூட்டி வந்து விட்டுப் பார், அடுத்த வாரம் கிண்ணத்தில் ஏதாவது இனிப்பு வரும். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதே. பாஷை தெரியாது என்று சாக்குச் சொல்லாதே, பர்மா ஆயா பேசியதில் பாதி எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நானும் அப்பாவும் வந்து ஒரு மாசம் இருக்கிறோம். ஆனால் அதற்காக வேலைக்காரம்மாவை நிறுத்திவிடாதே, டே கேரையும் நிறுத்தாதே. ஒரு மாசம் நிறுத்தினால் இடம் போய்விடும், என் இடுப்பும் போய்விடும். நான் பெரியவளோடு சாயங்காலம் இரண்டு மணி நேரம் இருப்பேன், ஞாயிற்றுக்கிழமை சமைப்பேன். நீங்கள் இருவரும் எங்காவது வெளியே போய்ச் சண்டை போட்டுவிட்டு வாருங்கள்.

மீன் மட்டும் கேட்காதே. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. காசிமேட்டில் கிடைக்கிற கொஞ்சத்துக்கு விலை கேட்டால் மயக்கம் வரும். நெத்திலிக் கருவாடு கொண்டு வருகிறேன். உங்கள் அபார்ட்மென்ட்டில் வாசனைக்கு யாராவது புகார் கொடுத்தால் என்னிடம் அனுப்பு.

டிக்கெட் நீயே போடு. பகல் வண்டியாகப் பார். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் இறங்கிவிடலாம், ஆட்டோ வேண்டாம். அப்பா ஜன்னல் சீட் கேட்பார். எனக்குப் போடு.

இப்படிக்கு,
அம்மா