தேர்வுக் காலமும் பழைய சோறும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர்களின் தேர்வு அச்சம் குறித்துத் தாங்கள் வெளியிட்ட கட்டுரை உறக்கத்தையும் உடற்பயிற்சியையும் விரிவாகப் பேசிவிட்டு, பிள்ளைகளின் வயிற்றை மறந்துவிட்டது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் சிறப்பு வகுப்புக்காக விடியுமுன் பேருந்து ஏறும் பிளஸ் டூ பிள்ளைகள் பலருக்குக் காலை உணவு ஒரு டீயும் பன்னும்தான். அதே வீட்டில் கடலுக்குப் போகும் தகப்பனார் தூக்குவாளியில் பழைய சோறும் உரித்த சின்ன வெங்காயமும் கொண்டுபோகிறார். பிள்ளைக்கோ அதைப் பள்ளிக்கு எடுத்துச் செல்வது கௌரவக் குறைச்சல். இரவெல்லாம் ஊறிப் புளிக்கும் அந்தச் சோறு தேர்வு அழுத்தத்தைத் தணிக்கவும் ஓரளவு உதவக்கூடும் என்பதே என் எண்ணம்.

அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், 45 பேரில் ஒரு பிரிவினர் நான்கு வாரங்கள் வெங்காயம், முட்டைக்கோஸ், வாழைப்பழம், பயறு ஆகியவற்றோடு தினமும் புளித்த உணவும் உண்டனர். அவர்கள் உணர்ந்த மன அழுத்தம் 32 விழுக்காடு குறைந்தது. பொதுவான உணவு ஆலோசனை மட்டும் பெற்ற மற்றப் பிரிவிலும் 17 விழுக்காடு குறைந்தது. இரு பிரிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை என்பதால் இதை மருந்தென்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனாலும் உணவுமுறையை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களிடம் அழுத்தம் கூடுதலாகக் குறைந்ததைப் புறந்தள்ளவும் முடியவில்லை. நமக்குச் செரிக்காத நாரைப் பெருங்குடலின் நுண்ணுயிர்கள் உண்டு உருவாக்கும் கொழுப்பு அமிலங்களும், குடலை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பும் இதில் பங்கு வகிப்பதாக அறிவியலாளர் கருதுகின்றனர்.

இட்லி போதாதா என்று கேட்பார்கள். மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் ஆவியில் வெந்தபின் உயிரோடு இருப்பதில்லை. உயிருள்ளவை வேண்டுமென்றால் நீராகாரமும் மோரும்தான். அவற்றை விட்டுவிட்டு, நுண்ணுயிர் சேர்த்த, விலை கூடிய புட்டிப் பானங்களைத் தேடுவானேன்? குடல் நுண்ணுயிர்களுக்கு உணவாகும் இன்யூலின் என்ற நார்ச்சத்து சின்ன வெங்காயத்தில் இருக்கிறது. ஆறிய சோற்றில் எளிதில் செரிக்காத மாவுச்சத்தும் சற்றுக் கூடுகிறது. தை மாதம் நம் சந்தைகளில் கட்டுக்கட்டாகக் குவியும் பனங்கிழங்கோ நார் மிகுந்தது. தேர்வுக்குப் படிக்கும் வாரங்களும் அவையே.

உறக்கமின்றித் தவிக்கும், உயிர்மேல் வெறுப்புற்ற பிள்ளைக்குச் சோறு தீர்வாகாது. அங்கே 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணும் மருத்துவருமே வேண்டும்.

அரசு மாணவர் விடுதிகளில் ஜனவரி முதல் தேர்வு முடியும்வரை, வாரத்தில் சில நாள்களாவது காலையில் பழைய சோறும் மோரும் தர மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். உவர் நீர் ஊறும் நம் கரையோரத்தில் சோற்றில் எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்பதே முதல் சிக்கல். ஆகவே காவிரிக் கூட்டுக் குடிநீரோ, குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் நீரோ, எதுவாயினும் காய்ச்சி ஆறவைத்து ஊற்றவும், சோறு ஆறியதும் தாமதமின்றி ஊறவைத்து மூடவும் சமையலர்களுக்குப் பயிற்சி அளித்து, அதற்கான விறகு அல்லது எரிவாயுச் செலவையும் விடுதியின் உணவுப் படியில் சேர்த்துத் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.